இட்டுக்கட்டினால் கிடைக்கும்

இண்டூர் கலைவாணன் இட்டுக்கட்டிய பொருள்களில் முதன்முதலாக மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது ஒரு வெண்கல மணி. எடை ஒன்பது கிலோ, வாய் அகலம் ஒரு சாண், உள்ளே நாக்கு இல்லை. நாக்கு இல்லாதது சரிதான். அவர் அச்சடித்த கும்பாபிஷேக நோட்டீஸில் ‘பகைவர் படையெடுத்து வந்தபோது ஊராரை எழுப்பாதிருக்க மணியின் நாவை அறுத்தெடுத்துச் சென்றனர்’ என்றே இருந்தது. இந்தப் பக்கத்தில் கோயிலுக்கு நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் சாமி பெயர், தேதி, யாகசாலை நேரம், நன்கொடையாளர் பட்டியல் ஆகியவற்றைத்தான் கொண்டுவருவார்கள். பட்டியலில் யார் பெயர் முதலில் என்று கடையிலேயே ஒரு சண்டை நடக்கும். அது முடிந்ததும் தாளின் நடுவில் அரைப் பக்கம் காலியாக இருப்பது தெரியும். ‘அங்க தல வரலாறு நீங்களே போட்டு வுட்டுருங்க’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பதினான்கு வருடங்களாகக் கலைவாணன் அந்த அரைப் பக்கங்களை நிரப்பிவந்தார். பசு புற்றின் மேல் பால் சொரிந்த கதையை அவர் ஒரு தடவைதான் எழுதினார். பக்கத்து ஊர்க்காரர்கள் நோட்டீஸ்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனிப் பொருள் வைத்தார். ஒன்றுக்கு மணி, ஒன்றுக்குக் கல்செக்கு, ஒன்றுக்குக் குதிரையின் வெள்ளித் தண்டை. எந்த ஊருக்கு எதை வைத்தோம் என்பது அவருக்கு மனப்பாடம்.

மணி கிடைத்தது கழிவறைக் குழி தோண்டியபோது. கல்செக்கு குடிநீர்க் குழாய் பதித்தபோது கிடைத்தது. தண்டைகள் நான்கும் ஒரு மழைக்குப் பிறகு நிலக்கடலைக் காட்டில் தாமாகவே மேலே வந்து கிடந்தன. அந்தக் காட்டுக்காரர் அவற்றைக் கழுவி, கோயிலில் வைத்துவிட்டு, களை எடுக்கப் போனார். இரண்டு வருடத்தில் பதினோரு ஊர்களில் இப்படி நடந்த பிறகு, அதிகாரிகள் ஜீப்பில் வந்து பொருள்களை அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். கடைக்குக் கூட்டம் கூடியதே தவிர வேறு மாற்றமில்லை.

அதற்குப் பெயர் என்ன என்று சொன்னவர் நிர்மலா டீச்சர். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவர். ஆண்டு விழா அழைப்பிதழுக்காக வந்தவர், மேசை மேல் கிடந்த நோட்டீஸைப் படித்துவிட்டு, “சார், நீங்க பண்றதுக்கு இன்வென்ட்னு பேரு” என்றார்.

“கௌரவமா பொய்யிங்கறீங்க.”

“அந்த அர்த்தமும் இருக்கு. கதை இன்வென்ட் பண்ணிட்டான்னு பேப்பர்ல போட்டா, பொய் சொல்லிட்டான்னு அர்த்தம். மிஷின் இன்வென்ட் பண்ணான்னா புதுசா செஞ்சான்னு அர்த்தம். ஆனா ரெண்டுமே பின்னாடி வந்ததுங்க” என்று டீச்சர் உட்கார்ந்துகொண்டார். அந்தச் சொல் லத்தீனில் பிறந்தது என்றும், அங்கே அதற்கு ஒன்றின் மேல் போய்ச் சேர்தல், எதிர்ப்படுதல் என்றுதான் பொருள் என்றும் சொன்னார். நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் தொலைந்த மோதிரம் கிடைத்தாலும் அதே சொல்லைச் சொல்லியிருப்பார்கள். தங்கள் மாதா கோயிலின் பழைய காலண்டரில் மே மூன்றாம் தேதி சிலுவையின் ‘இன்வென்ஷன்’ என்று போட்டிருக்கும். “ரோமாபுரி ராஜாவோட அம்மா மண்ணைத் தோண்டி சிலுவையை எடுத்த நாளுங்க. செஞ்ச நாள் இல்ல, கெடைச்ச நாள். ஜீப்புல வந்தவங்க எழுதுனாங்களே இன்வென்டரி, அதுவும் இதே வேரு. இன்ன இன்னது கெடைச்சுதுங்கற பட்டியல்.”

கலைவாணன் யோசித்தார். “நம்ம பாஷையிலயும் அப்படித்தான டீச்சர்? தொலைஞ்ச ஆட்டையும் கண்டுபுடிக்கிறோம், மிஷினையும் கண்டுபுடிக்கிறோம்.” டீச்சர் தான் இருபது வருடம் பாடம் எடுத்தும் இதைக் கவனித்ததில்லை என்று ஒப்புக்கொண்டு, அழைப்பிதழில் தலைமையாசிரியர் பெயரைச் சற்றுப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

இதன் மறுபக்கம் தெரிந்தது நஞ்சப்பனால். மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவரான அவருக்கு, கமிட்டியைவிட நோட்டீஸ்காரரின் பெயர் ஊரில் அதிகம் அடிபடுவதில் மனத்தாங்கல் இருந்தது. “யோவ் கலை, ஒரு தடவையாச்சும் நெஜத்தைப் போடுய்யா பாப்போம்” என்று சீண்டினார். கோயிலை ஒட்டி அவருடைய மூடின கிணறு இருந்தது. பஞ்சத்தில் கிணற்றை மூடியபோது பழைய ஆயில் இன்ஜினை உள்ளே தள்ளித்தான் மூடினார்கள். தள்ளியவரே நஞ்சப்பன்தான். அதை அப்படியே கலைவாணன் அச்சடித்தார். ஜேசிபி வந்து கிணற்றைப் பாறை தெரியும்வரை தோண்டியது. ஒரு போல்ட்டு கூடக் கிடைக்கவில்லை. மண்ணில் டீசல் வாடை மட்டும் அடித்தது. “நான் தள்ளுனேன்யா! இந்தக் கையாலய்யா!” என்று நஞ்சப்பன் கரையில் நின்று கத்தினார். பிறகு பல மாதங்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தித் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவராக இருந்தார்.

பொய்யை எழுதினால் மண் கொடுக்கிறது, உண்மையை எழுதினால் எடுத்துக்கொள்கிறது என்று ஊருக்குப் புரிந்துபோயிற்று. அதன் பிறகு கலைவாணன் டீக்கடைக்கு வந்தால் பேச்சு நின்றது. எல்லைக்கல் எங்கே, அப்பாவின் சமாதி எங்கே என்று அவர் காதுபட யாரும் பேசுவதில்லை. சொந்தத் தங்கையே, தாலிக்கொடியை எந்தப் பீரோவில் வைத்திருக்கிறாள் என்று கேட்டதற்கு, “உனக்கு எதுக்குண்ணா அது?” என்று வேர்த்துப்போனாள். அவர் தல வரலாறு எழுதுவதை நிறுத்திவிட்டு, காதுகுத்து பிளெக்ஸும் மஞ்சள் நீராட்டு பிளெக்ஸும் மட்டும் அடிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு நண்பகலில்தான் ராணியம்மாள் கடைக்குள் வந்து, கண்ணீர் அஞ்சலி ஒன்று போட வேண்டும் என்றாள்.

“யாருங்கக்கா தவறுனது?”

“எம் பையன்.”

கலைவாணனின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. அவள் மகன் அருள்குமார் லாரியில் கிளீனராகப் போனவன். ஆறு வருடத்துக்கு முன்பு தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அந்த லாரி பிரேக் பிடிக்காமல் மூன்று வண்டிகளை இடித்துவிட்டுப் பள்ளத்தில் கவிழ்ந்தது. டிரைவரின் உடல் ஸ்டியரிங்கோடு கிடைத்தது. அருள்குமார் கிடைக்கவில்லை. பள்ளத்தை ஒரு வாரம் தேடினார்கள். தலையில் ரத்தத்தோடு ஒரு பையன் சேலம் பக்கமாக நடந்து போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். மறுநாள் அவரே, அது வேறு விபத்தாக இருக்கலாம் என்றார். நாளுக்கொரு வண்டி கவிழும் அந்தக் கணவாயில் அப்படிக் குழம்புவதற்கு இடமுண்டு. அப்போது அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி அமுதவல்லி தாய் வீட்டுக்குப் போகவில்லை. மாமியாரோடு அதே வீட்டில் இருந்துகொண்டு பனியன் கம்பெனி வேனில் வேலைக்குப் போய் வந்தாள்.

“சேதி வந்துருச்சுங்களாக்கா?”

“சேதி வந்தா உங்கிட்ட எதுக்கு வர்றேன்?” என்று ராணியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நீ எழுது தம்பி. அருள்குமார் செத்துட்டான், கணவாயில இன்ன எடத்துல மண்ணுக்குள்ள கெடக்கறான்னு எழுதி அடி. நான் போயி தோண்டறேன். எலும்பு கெடைச்சா நீ எழுதுனது பொய்யி. எம் பையன் உசுரோட இருக்கறான். கெடைக்கலைன்னா…” முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். “கெடைக்கலைன்னா தலை முழுவிக்கறேன்.”

கலைவாணன் முடியாது என்றார். அவள் மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். ஃபேனுக்கு நேர் கீழே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அவளுடையதாயிற்று. பிளெக்ஸ் வாங்க வந்தவர்கள், “என்னாக்கா, இங்கியே வேலைக்குச் சேந்துட்டியா?” என்று கேலி செய்தார்கள். “ஆமா, சம்பளந்தான் இன்னும் போடல” என்று அவள் பதில் சொன்னாள். வேறு கடையில் அடித்துக்கொள்ளுங்கள் என்று கலைவாணன் கெஞ்சியபோது, “வேற கடையில அடிச்சா தாளுதான் கெடைக்கும்” என்றாள். அவள் அங்கே இருக்கும்போது கலைவாணனால் ஒரு பெயரைக்கூடப் பிழையில்லாமல் அடிக்க முடியவில்லை. ஒரு காதுகுத்து பிளெக்ஸில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அருள்குமார் என்று விழுந்துவிட்டது. அச்சாகும் முன்பு அவர் பார்த்துவிட்டார். பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் அன்று கடையைச் சீக்கிரமே அடைத்தார்.

மாமியார் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை அமுதவல்லி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பாலக்கோடு பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறது, மனைவியை இழந்தவர், நல்லவர் என்கிறார்கள், அப்பா அம்மா அவசரப்படுகிறார்கள் என்றாள். ஏழு வருடம் ஆனால்தான் செத்தவனாக எழுதிக் கொடுப்போம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அத்தை போகாதே என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை.

“அத்தை கேக்கறதை அடிச்சுக் குடுத்துருங்கண்ணா.”

“அடிச்சா என்னா வரும்னு தெரியுமாம்மா உனக்கு?”

“எது வந்தாலும் ஒண்ணு வரட்டுங்க. ஆறு வருசமா காலையில பொட்டு வெக்கறப்ப கை ஒரு நிமிசம் நிக்குதுங்கண்ணா. வெக்கறதா, வேணாமான்னு.”

கலைவாணன் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கே போனார். நிர்மலா டீச்சர் வராந்தாவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, சிவப்பு மைப் பேனாவை மூடினார். “அந்தம்மா கணக்குல ஒரு ஓட்டை இருக்கு சார். பையன் வேற எங்கயோ செத்துப் போயிருந்தா? அப்பவும் நீங்க எழுதற எடம் பொய்தானே. எலும்பு வந்துரும். எலும்பு வந்தா உசுரோட இருக்கான்னு ஆகாது. அந்த எடத்துல இல்லைன்னுதான் ஆகும்.”

“சொல்லிறலாமுங்களா அவங்ககிட்ட?”

டீச்சர் இன்னொன்று சொன்னார். கலைவாணன் ஏதோ ஓர் இடத்தை எழுதப்போய், தெரியாத்தனமாக அவன் உண்மையிலேயே கிடக்கிற இடத்தையே எழுதிவிட்டால்? ஆயில் இன்ஜின் போன மாதிரி போய்விடும். அப்புறம் அந்தப் பையன் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. தகனம் செய்ய ஒரு விரல் எலும்புகூட எந்தக் காலத்திலும் கிடைக்காது. மணி அடித்தது, பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள்.

ஆக, ஒருவன் நிச்சயமாக இல்லாத இடத்தைத் தேடி ஒரு மனிதர் தொப்பூர்க் கணவாயில் நடக்க ஆரம்பித்தார். இருக்கிற இடத்தைத் தேடுவதைவிட அது கஷ்டமான வேலை. ஒவ்வொரு பாலத்தடியும், ஒவ்வொரு புதரும், மழைத் தண்ணீர் அறுத்த ஒவ்வோர் ஓடையும் அவன் கிடக்கக்கூடிய இடமாகவே இருந்தது. இறக்கத்தில் லாரிகள் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு போக, அந்த ரப்பர் தீய்ந்த வாடையில் அவர் வாரக்கணக்கில் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கடையில் பிளெக்ஸ்கள் தேங்கின. ஒரு நாள், மேட்டில் ஒரு பரோட்டாக் கடைக்குப் பின்னால், செல்போன் டவரைப் பெயர்த்தெடுத்த வெற்றிடம் ஒன்றைக் கண்டார். ஆளுயரக் கான்கிரீட் அடித்தளத்தை உடைத்து அப்புறப்படுத்தி, செம்மண் கொட்டி நிரவியிருந்தார்கள். “இந்த டவரு எப்பலேருந்து இருந்துச்சுங்க?” என்று கல்லாவில் இருந்தவரைக் கேட்டார். பத்து வருடத்துக்கு மேல் இருந்தது, போன மாதம்தான் பேர்த்தார்கள் என்றார் அவர். கலைவாணன் அன்று இரண்டு பரோட்டா அதிகமாகச் சாப்பிட்டார்.

நோட்டீஸ் கறுப்பு மையில் வந்தது. லாரி கவிழ்ந்த நாளில் இண்டூர் ராணியம்மாளின் மகன் அருள்குமார் இறந்துபோனார் என்றும், பரோட்டாக் கடைக்குப் பின்புறம் டவர் இருந்த இடத்தில் வடக்கே தலைவைத்து மண்ணுக்குள் இருக்கிறார் என்றும், வலது கையில் செப்புக் காப்பு அணிந்திருக்கிறார் என்றும் அதில் இருந்தது. அருள்குமார் எந்தக் காலத்திலும் காப்பு போட்டதில்லை என்று அமுதவல்லியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கலைவாணன் அதைச் சேர்த்தார். ஒரு தாளைக் காவல் நிலையத்திலும் ஒட்டியதால் இரண்டு போலீஸ்காரர்களும் கிராம நிர்வாக அலுவலரும் வந்து நின்றார்கள். நஞ்சப்பன் ஜேசிபி தருவதாகச் சொன்னதை ராணியம்மாள் வேண்டாம் என்றுவிட்டாள். ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள்.

முழங்கால் ஆழம்வரை கொட்டிய செம்மண்தான் வந்தது. இடுப்பளவுக்குப் பிறகு கான்கிரீட் சில்லுகள் வந்தன. ராணியம்மாள் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, “கெடைக்கோணும் சாமி, எம் பையன் எலும்பு கெடைக்கோணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். டீ குடிக்க இறங்கிய வெளியூர் டிரைவர்கள் அதைக் கேட்டு, தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்குத் திரும்பினார்கள். மார்பளவு ஆழத்திலும் ஒன்றுமில்லை. கலைவாணன் வருடங்களை விரல்விட்டு எண்ணினார். கல்லாவில் இருந்தவர் வருடத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தால்? டவர் விபத்துக்கு அப்புறம் வந்ததாக இருந்தால்? பையன் இங்கேயே கிடந்து, தன்னுடைய ஒரு வரியால் இப்போது இல்லாமல் போயிருந்தால்? சொன்னவரிடமே கேட்கலாம் என்று தேடினார். அவர் கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கரண்டிச் சத்தத்தில் கூப்பிட்டது கேட்கவில்லை. நிர்மலா டீச்சர் குடையை மடக்கிக் கையில் இறுக்கியிருந்தார். அமுதவல்லி குழியைப் பார்க்கவே இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோண்டுகிறவர்கள் மேலேறி, கைவிட்ட மாதிரி ஒருவரையொருவர் பார்த்தார்கள். “இன்னொரு சாண்” என்றாள் ராணியம்மாள். ஒருவர் மட்டும் இறங்கினார். மண்வெட்டி எதிலோ பட்டுச் சறுக்கியது. அவர் குனிந்து கையால் விலக்கினார். பச்சைக் களிம்பேறிய செப்புக் காப்பு ஒன்று, அதற்குள் மணிக்கட்டு எலும்பு.

ராணியம்மாள் குலவை போட்டாள். கல்யாண வீட்டில் போடுகிற குலவை. கணவாயின் இரண்டு பக்கத்து மலையிலும் அது பட்டுத் திரும்பியது. போலீஸ்காரர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “பாவம், பெத்தவளுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு” என்றார். அமுதவல்லி மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. எலும்புகள் வடக்கே தலைவைத்து, ஒன்று குறையாமல் இருந்தன.

அவற்றைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்து வந்த முடிவில், அவை ராணியம்மாளின் மகனுடையவைதான், சந்தேகமில்லை என்று இருந்தது. கலைவாணன் அந்தச் செய்தியைக் கேட்டுக் கலங்கிப்போய் டீச்சரிடம் ஓடினார். “அருள்குமார் எலும்புன்னுதானே சார் எழுதுனீங்க, வேற யாரு எலும்பு வரும்?” என்று டீச்சர் சொன்னார். சொன்னபோது அவர் குரலிலும் முழுத் தைரியமில்லை. வழக்கை முடித்தார்கள், இறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். இண்டூர்ச் சுடுகாட்டில் எலும்புகளுக்கு எல்லாச் சடங்கும் நடந்தது. ராணியம்மாள் தலை முழுகவில்லை. வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, சோறு போட்டுச் சாப்பிட்டாள். அமுதவல்லி ஒரு மாதம் பொட்டில்லாமல் இருந்தாள். பிறகு ஒரு காலையில் கை நிற்காமல் வைத்துக்கொண்டாள்.

கல்யாணப் பத்திரிகை அடிக்க ராணியம்மாளே வந்தாள். கலைவாணன் தாளைக் கத்தரித்துக்கொண்டே, “அக்கா, அந்த டவரு எடம் இருக்குதே, அதுல ஒரு விசயம்…” என்று தொடங்கினார்.

“தெரியும் தம்பி” என்றாள் அவள். “எடத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது. அந்த டவருக்குக் காங்கிரீட்டு போட்டப்ப ஜல்லி சொமந்தவ நானு. அப்ப அருளு ஒம்பதாவது படிச்சான். அங்க அவன் கெடக்க முடியுமா? எதை எழுதுனாலும் அந்த எடத்துல எலும்பு வந்துதான தீரும்.” மாதிரித் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். “ஆனாலும் வராம போயிருமோன்னு பயந்தேன். வராட்டி அந்தப் புள்ள எங்கூடயே கெழவியாயிருக்கும். எழுத்து நல்லா பெருசா போடு. அவங்க சனத்துல கண்ணு தெரியாதவங்க நெறைய.”

பாலக்கோட்டு மண்டபத்தில் அவள் பெண் வீட்டார் வரிசையில் நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பொண்ணுக்கு நீங்க என்னா வேணும்ங்க?” என்று கேட்டார்.

“மாமியாருங்க.”

அந்த அம்மாள் சற்றுத் தடுமாறினார். “அப்போ உங்க பையன்?”

“வெளியூரு போயிருக்கறான்” என்றாள் ராணியம்மாள். “வந்தா நான் சொல்லிக்கறேன். நீங்க சாப்புடுங்க.”

அந்த அம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு, பந்தியில் தம் பக்கத்தில் அவளுக்கும் ஓர் இலை போடச் சொன்னார்.